இயல்பான தேய்மானம் நீங்கலாக

கோட்டைக் கழற்றிவிட்ட வக்கீலிடம் யாரும் ஆலோசனை கேட்பதில்லை. அதனால்தான் நாங்களாகவே சொல்லத் தொடங்கிவிடுகிறோம். வக்கீல் சங்கக் கட்டடத்தில் என்னைப் பார்த்ததும் உங்களில் பாதிப்பேர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் இல்லாத ஆளிடம் "சொல்லுங்க, சொல்லுங்க" என்றபடி நகர்வதை நான் கவனிக்காமல் இல்லை. தப்பில்லை. என் காலத்தில் நானும் அதையேதான் செய்தேன். செல்போன் இல்லாததால் கழிப்பறைக்குள் போய் நிற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். எழுத்தில் மாட்டினால் அப்படித் தப்பிக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் துணிச்சண்டை வக்கீல். திருப்பூரில் பிழைத்துவிட்டு வேறு எந்தச் சண்டையைப் பார்ப்பது? சாயம் சரியாக ஏறவில்லை, துவைத்தால் சுருங்குகிறது, சொன்ன எடை இல்லை, கப்பல் போய்விட்டது. இவற்றில் பெரும்பாலானவை கோர்ட்டுப் படி ஏறுவதே இல்லை. எல்லாம் ஆர்பிட்ரேஷன். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் ஒரு நடுவரை வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு முடித்துக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நூல் வாங்கினாலும் அந்த ஷரத்து இருக்கும், பட்டன் வாங்கினாலும் இருக்கும். கதவைச் சாத்திய அந்த அறைகளில் பிஸ்கட் தின்று தின்றுதான் எனக்குச் சர்க்கரை வந்தது.

அப்படிப்பட்டவன் மேசைக்கு, ஓய்வுபெறக் கொஞ்சநாள் இருக்கும்போது, ஒரு பெரியவரின் சாவு வந்து சேர்ந்தது. அதிலும் அதே ஷரத்து.

கொண்டுவந்தவர்கள் அக்காவும் தம்பியும். தம்பி சிவக்குமார் ராயபுரத்தில் ஆபீஸ் போட்டுப் பனியன் கம்பெனி நடத்துபவர். அக்கா சாந்தாமணி வெள்ளகோவிலில் வாழ்க்கைப்பட்டவர். இவர்களுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. விழுங்குவதும் கஷ்டம். எதையும் கூழாக மசித்து, நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் பார்க்க ஆளில்லாமல் காங்கயம் ரோட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். நூலைப் பின்னித் துணியாக்கும் பழைய நிட்டிங் ஷெட்டை மாற்றிக் கட்டிய இல்லம் அது. மெஷின்கள் நின்ற இடத்தில் கட்டில்கள். ஒருநாள் காலையில் இல்லத்திலிருந்து போன்: "அப்பாவுக்குப் புரையேறிடுச்சுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறமுங்க." ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

என்ன நடந்தது என்று கேட்டால் இல்லத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'புரையேறி மூச்சடைப்பு' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

"அந்த எடத்தையே இழுத்துப் பூட்டோணுங்க சார்" என்று சிவக்குமார் மேசையைத் தட்டினார். அதே நொடியில் அவர் போன் அடித்தது. "பனியன் பீஸ் இன்னிக்கு லாரி ஏறலீன்னா நான் ஏறிருவேன்டா தூக்குல" என்று யாரிடமோ கத்திக்கொண்டே வெளியே போனார்.

சாந்தாமணி, கதவு சாத்தியதைப் பார்த்துக்கொண்டு, நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

"சார், தம்பிக்குத் தெரிய வேண்டாமுங்க. போன் வந்ததுக்கு மொத நாள் நான் பாக்கப் போனப்ப, பருப்பும் வெல்லமும் வெச்சு ஒப்புட்டுப் பண்ணிக் கொண்டுபோனேன். அப்பாவுக்கு உசுரு அதுன்னா. ஆனா அவருக்கில்லீங்க, அவரப் பாத்துக்கற புள்ளைங்களுக்குத்தான். 'நீங்க தின்னுங்க, அப்பாவுக்கு மட்டும் குடுத்துறாதீங்க'ன்னு சொல்லித்தான் டப்பாவக் குடுத்தேன். மக்யா நாள் காலையில இப்படிப் போன் வருது." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "அவுரு கண்ணுல பட்டு, கேட்டிருந்தா? அந்தப் புள்ள எரக்கப்பட்டு ஒரு வாய் குடுத்திருந்தா? என்ற ஒப்புட்டுத்தான் எங்கப்பனக் கொன்னுதாங்க சார்? எனக்கு அது தெரிஞ்சாப் போதுமுங்க."

சிவக்குமார் திரும்பி வந்துவிட்டார். நான் தலையாட்டினேன். குறித்துக்கொள்ளவில்லை. வழக்குக் கட்டின் மேலட்டையில் 'நஷ்ட ஈடு, சேவைக் குறைபாடு' என்று அழகாக எழுதிக்கொண்டேன். எழுதியிருக்க வேண்டியது அந்த அம்மாவின் கேள்வியை.

பிறகு இல்லத்தில் சேர்க்கும்போது போட்ட ஒப்பந்தத்தை வாசித்தேன். வாசிக்க வாசிக்க என் கண்ணையே நம்ப முடியவில்லை. இல்லத்தை நடத்தும் லோகநாதன் அதற்கு முன் நிட்டிங் ஷெட் நடத்தியவர். எனக்கும் பழக்கம்தான், லோகு என்றுதான் கூப்பிடுவேன். வக்கீல் வைத்து எழுதுவானேன் என்று, தன்னிடம் இருந்த, பிறர் துணியை வாங்கி வேலை முடித்துத் திருப்பித் தரும் பழைய ஜாப் ஒர்க் ஒப்பந்தத்தையே எடுத்து 'துணி' என்று வந்த இடத்திலெல்லாம் 'முதியவர்' என்று மாற்றியிருக்கிறார். "முதியவர் நல்ல நிலையில் பெறப்பட்டதாகக் கருதப்படும்." "இயல்பான தேய்மானம் நீங்கலாக அதே நிலையில் திருப்பி ஒப்படைக்கப்படும்." "முதியவரில் குறை இருப்பின் ஒரு வாரத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகுதான் எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. எனக்கு எப்போதும் அந்த வரிசையில்தான் நடக்கும்.

கடைசி ஷரத்துதான் வில்லங்கம். எந்தத் தகராறாக இருந்தாலும், உயிரிழப்பு உட்பட, இல்லம் நியமிக்கும் நடுவர் முன்னால்தான். அங்கே பேசியதை இரு தரப்பும் வெளியே சொல்லக் கூடாது. அதன் கீழே கையெழுத்து. கையெழுத்தின் மேல் நீல மையில், வட்டமாக, பளிச்சென்று, சிவக்குமாரின் பிரைவேட் லிமிடெட் கம்பெனி சீல். பக்கத்தில் 'டைரக்டர்' என்று இன்னொரு சீல்.

"ஏம்ப்பா, அப்பாவச் சேத்தற பேப்பர்ல கம்பெனி சீல் எதுக்கு?"

"சீல் இல்லாத கையெழுத்த எவனுங்க மதிக்கறான்? பேங்க்ல திருப்பி உட்டுருவானுங்க சார்."

"இது பேங்கா?"

"பேப்பருன்னு நீட்டுனாங்க. பைக்குள்ள சீல் இருந்துச்சு. அடிச்சுப்போட்டனுங்க."

கல்யாணப் பத்திரிகையை நீட்டினால்கூட நம்மூர்க்காரர்கள் சீல் அடித்துத் திருப்பித் தந்தாலும் தருவார்கள். ஆக, இரண்டு பனியன்காரர்கள் சேர்ந்து ஒரு பெரியவரை ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிப் பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேருமே நல்ல மனிதர்கள். கை, பழகிய வேலையைச் செய்துவிட்டது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டோம். எதிர்பார்த்தபடியே இல்லத்தின் வக்கீல், "ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருக்கிறது, வழக்கை நடுவருக்கு அனுப்புங்கள்" என்று எழுந்து நின்றார். கோயம்புத்தூரிலிருந்து வந்த தீபா. உங்கள் வயதுதான். பேச்சில் சதை கிடையாது, எலும்பு மட்டும்தான். கேட்கவே பயமாக இருக்கும்.

எனக்கு வேலை சுலபம். அப்படி ஒரு ஷரத்து நுகர்வோரை ஆணையத்துக்கு வரவிடாமல் தடுக்க முடியாது. ஒரு தரப்பு தானே நடுவரைப் பொறுக்கிக்கொள்ளவும் முடியாது. இந்த இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். உட்காருவேனா? கையில் கம்பெனி சீல் இருக்கிறதே!

"ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது யார் என்று பார்க்க வேண்டும். இறந்தவர் இல்லை. அவர் மகள் இல்லை. இந்த மகன்கூட இல்லை. ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி! சட்டத்தின் கண்ணில் கம்பெனி என்பது ஒரு தனி ஆள். அந்த ஆளுக்கு அப்பா கிடையாது."

ஆணையத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறவர்கள் செய்வது அது. நான் விடவில்லை. தேய்மான ஷரத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். பின் வரிசையில் வேறு வழக்குக்கு வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். தீபாவின் மனு தள்ளுபடி. வழக்கு திறந்த ஆணையத்திலேயே நடக்கும்.

வெளியே வேப்பமரத்தடியில் டீ. நான் எதையெதை எந்தக் குரலில் சொன்னேன் என்பதை, உள்ளே இல்லாமல் போன துரதிர்ஷ்டசாலிகளுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆட்டம் நடக்கும்போது சாந்தாமணி வந்து நின்றார்.

"நல்லாப் பேசுனீங்க சார். இனி எப்பங்க தெரியும்?"

"தீர்ப்பாம்மா? அது ஆகும். அவங்க பதில் போடணும், நாம வாக்குமூலம் எழுதிக் குடுக்கணும், அப்பறம் மேல அப்பீல்..."

"தீர்ப்பு இல்லீங்க. நான் கேட்டனே, அது."

டீ கையில் ஆறிவிட்டது. நுகர்வோர் வழக்கில் சாட்சி பெரும்பாலும் எழுத்தில்தான் என்பது எனக்குத் தெரியும். அப்பாவைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் பெயரில் தீபா ஒரு பிரமாணப் பத்திரம் போடுவார். 'முதியவர் உரிய முறையில் பராமரிக்கப்பட்டார்' என்று அதில் இருக்கும். நான் எழுத்தில் கேள்வி அனுப்புவேன், எழுத்தில் பதில் வரும். வழக்கில் நான் ஜெயிக்கக்கூடும். ஒப்புட்டைப் பற்றி அந்தக் காகிதங்களில் எவரும் ஒரு வரி எழுதப்போவதில்லை. சாத்திய கதவைத் திறந்துவிட்டதாக மார்தட்டிக்கொண்டிருந்தேன். திறந்த கதவுக்குப் பின்னாலும் அந்த அம்மாவுக்கு ஒன்றும் இல்லை.

எதிர்த்தரப்புக்கு வக்கீல் இருக்கும்போது கட்சிக்காரரிடம் நாம் நேராகப் பேசக் கூடாது. லோகு எனக்கு எத்தனை பழக்கமாக இருந்தாலும் கூடாது. தீபாவைப் போனில் கூப்பிட்டேன். பெரியவரைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண்ணோடு உட்கார்ந்து ஒருமுறை பேச வேண்டும் என்றேன்.

"சார், மூடின ரூம் வேண்டாம்னு அன்னிக்கு அவ்வளவு நேரம் பேசுனீங்க. கம்பெனிக்கு அப்பா இல்லைன்னு எல்லாம் சொன்னீங்க. இப்ப நீங்களே ரூமுக்குக் கூப்பிடறீங்க?"

"கதவத் தொறந்தே வெச்சுக்கலாம்மா. காத்தாவது வரும்."

"சரி. ஒரு கண்டிஷன். அங்க யார் என்ன சொன்னாலும் அத வழக்குல நீங்க பயன்படுத்தக் கூடாது. எழுதிக் குடுக்கணும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒத்துக்கொண்டால், உண்மை காதில் விழும், கைக்கு வராது. அந்தப் பெண் தப்பையே ஒப்புக்கொண்டாலும், மறுநாள் 'உரிய முறையில் பராமரிக்கப்பட்டார்' என்ற காகிதத்தை நான் ஒன்றும் தெரியாதவன் போல வாங்கிப் படிக்க வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் வழக்கு பத்திரமாக இருக்கும். சட்டப் புத்தகங்கள் இரண்டாவதைத்தான் சொல்லும். சிவக்குமாரும் அதையேதான் சொன்னார்.

"கையில கெடைக்கறதக் கீழ போடறதுக்கா சார் உங்களப் புடிச்சோம்? ஜெயிக்கற நேரத்துல யாராச்சும் போயி உக்காந்து பேசுவாங்களா?"

"எனக்குக் கேட்டாப் போதும் சிவா" என்றார் அக்கா.

"என்னத்தக்கா கேக்கப்போறே?"

சாந்தாமணி தம்பியிடமிருந்து முகத்தைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். எழுதிக் கொடுத்தேன்.

இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். உயரமான தகரக் கூரை. மேலே பழைய மெஷின்களுக்குப் போட்ட கரண்ட் பைப்புகள் அப்படியே இருந்தன. லோகு என்னைப் பார்த்ததும் "வாங்க" என்றார், பிறகு நான் எந்தப் பக்கத்து ஆள் என்பது நினைவு வந்து தரையைப் பார்த்தார். பணிப்பெண் செல்வி ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். வந்து நின்றாள், உட்கார மறுத்தாள்.

"கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு செல்வி. கூடுதலா ஒண்ணும் வேண்டாம்" என்றார் தீபா. நல்ல வக்கீல் சொல்வது அதுதான். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

சாந்தாமணி கேட்டார். "அன்னிக்கு நான் ஒப்புட்டு குடுத்தனே கண்ணு. அதுல அப்பாவுக்கு எதாச்சும்..."

"இல்லக்கா! அத நாங்க அன்னைக்குச் சாயங்காலமே தின்னு முடிச்சுட்டோம். டப்பாவக் கழுவி எடுத்து வச்சிருக்கேன், நீங்க வந்தா குடுக்க." சட்டென்று அவள் குரல் இறங்கியது. "ஐயா வாசம் புடிச்சிட்டாரு. கையக் கையக் காட்டுனாரு. நீங்க சொன்னீகன்னு நாந்தான் குடுக்கல. கேட்ட மனுசனுக்குக் குடுக்காமப் போனேனேன்னுதான் எனக்கு..."

சிவக்குமார் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா... இத்தன நாளும் இதையா நெனச்சுட்டு இருந்தே?"

சாந்தாமணி அப்படியே முன்னால் சாய்ந்தார். மேசைமேல் தலை கவிழ்ந்திருந்தது. தோள் மட்டும் குலுங்கியது.

"அப்பறம் எப்படிப் புரையேறுச்சு?" சிவக்குமார்தான் கேட்டார். "செல்வி" என்று தீபா கையை உயர்த்தினார். அவள் நிற்கவில்லை.

"மாத்திரைக்குத் தண்ணி குடுத்தேன். வெறுந்தண்ணி. கட்டில ஒசத்திட்டுத்தான் குடுக்கணும், ஆனா அது ஒசராது. தலகாணி வச்சு முட்டுக் குடுத்துக் குடுத்தேன். அது நழுவிருச்சு."

ஒப்புட்டைக் காபந்து பண்ணியவர்கள் தண்ணீரைப் பற்றி யோசிக்கவில்லை. விழுங்க முடியாதவர்களுக்குக் கெட்டியான பண்டத்தைவிடத் தண்ணீர்தான் சீக்கிரம் தடம் மாறிப் போகும் என்பது அன்றைக்குத்தான் எனக்கும் தெரியும்.

"தண்ணியக் குடுத்துக் கொன்னு போட்டீங்களேடா" என்று சிவக்குமார் எழுந்தார்.

"உக்காருங்க தம்பி, அந்தப் புள்ளையச் சொல்லாதீங்க" என்றார் லோகு. "கட்டல ஒசத்தற ஹேண்டில் ஒடஞ்சு கெடந்துதுங்க. செல்வி பல வாட்டி சொல்லுச்சு. மத்த ரிப்பேரோட சேத்துப் பாத்துக்கலாம்னு நாந்தானுங்க உட்டுட்டேன்."

"அண்ணா, வேண்டாம்" என்றார் தீபா.

"இரு அம்மிணி. இதே ஷெட்டுல மிஷின்ல ஒரு ஊசி ஒடஞ்சாக்கூட ஓட உட மாட்டேன். துணியில கோடு உழுந்துருமின்னு. கட்டலுக்கு உட்டுட்டேன் பாரு." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "இங்க பேசறத வழக்குல சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்கீங்களாமா? நான் வெளியிலயும் இதையேதான் சொல்லுவேன். ஆணையத்துலயும் சொல்லுவேன். எழுதுங்க."

தீபா என்னைப் பார்த்தார். எழுதிக் கொடுத்த நிபந்தனை என்னைக் கட்டியது, லோகுவைக் கட்டவில்லை. தீபா பேனாவை மூடினார். அதில் கோபம் இல்லை. "எனக்கு இப்படி ஒரு கட்சிக்காரர் இதுக்கு முன்ன கெடைச்சதில்ல சார்" என்றார்.

பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இல்லம் தன் தவறைத் திறந்த ஆணையத்தில் ஒப்புக்கொண்டு சமரசமாக முடித்தது. தொகையைப் பற்றி ஒருவரும் பெரிதாக மல்லுக்கட்டவில்லை. எல்லாக் கட்டில்களும் சரிசெய்யப்பட்டன. படுத்திருப்பவருக்குத் தண்ணீர் கொடுப்பது எப்படி என்று செல்வி உட்பட எல்லாருக்கும் ஒரு நர்ஸ் வந்து கற்றுக்கொடுத்தார். தீபாவும் நானும் கூலி வாங்காமல் புது ஒப்பந்தம் ஒன்று எழுதினோம். அதில் தேய்மானம் இல்லை, நடுவர் இல்லை. தகராறு வந்தால் எந்தக் கதவை வேண்டுமானாலும் தட்டலாம். வரைவைப் பார்த்துவிட்டு லோகு கேட்ட ஒரே கேள்வி, "சீல் எங்கீங்க அடிக்கறது?"

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கட்டின் மேலட்டையில் பிரிவு எண்ணை எழுதுமுன், வந்தவர் என்ன கேட்டார் என்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். என்னைப் போலத் தலையை மட்டும் ஆட்டாதீர்கள். வாதத்தில் ருசி கண்டுவிட்டால் அது மறந்துபோகும். எனக்குப் போயிற்று.

அன்றைக்குக் கூடத்தை விட்டு வெளியே வந்தோம். சிவக்குமார் காரைத் திருப்பப் போனார். செல்வி கழுவிய டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அக்கா, உள்ள யாரும் கேக்கல. கேட்டாத்தான் சொல்லணும்னாக. அதான் சொல்லல." மூச்சு வாங்கினாள். "மொதல்ல லேசாத்தான் இருமுனாரு. வெறும் புரைன்னு நெனச்சுட்டேன். வீட்ல செய்யற மாதிரி உச்சந்தலையில தட்டி, 'ஐயாவ யாரோ நெனைக்காக, வெள்ளகோவில் மகளாத்தான் இருக்கும்'னேன். அந்நேரம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சு முதுகத் தட்டியிருக்கணும்னு சொல்றாக. எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது."

என் வக்கீல் காது விறைத்துக்கொண்டது. முதலுதவி இல்லை, தாமதம், அலட்சியம் என்று உள்ளே வரிசையாகப் பத்தி பிரிந்தது. வாய் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதல்ல.

சாந்தாமணி டப்பாவை வாங்கிக்கொள்ளாமல் செல்வியின் கையைப் பிடித்தார்.

"அதுக்கு அப்பா என்ன சொன்னாரு?"

"சொல்லலக்கா. சிரிச்சாரு. பெறகுதான் மூச்சு முட்டுச்சு."

"சிரிச்சாரா?"

"ஆமாக்கா."

சாந்தாமணி அந்தக் கையை விடவே இல்லை. கார் வந்து நின்று, சிவக்குமார் இறங்கி வந்து பக்கத்தில் நின்ற பிறகும் விடவில்லை.

"நெனச்சுட்டுத்தான் இருந்தேன் கண்ணு" என்றார். "அந்நேரத்துக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, நெசமாலுமே அப்பாவத்தான் நெனச்சுட்டு இருந்தேன்."